ஐந்து மாதப் பிள்ளையோடு தனியாகக் கனடா போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். பிள்ளைக்கு ஐந்து மாதம், தனியத் தாய்ப்பால். சிசேரியன் பிரசவம். கணவர் ரொறன்ரோவில். விசா வந்துவிட்டது, தை மாதம் பயணம். பின்னேரம் கொக்குவில் வீட்டிலிருந்து வான் வண்டியில் வெளிக்கிட்டு, அன்றிரவே கட்டுநாயக்காவில் பிளேன் ஏறி, வளைகுடாவில் ஓரிடத்தில் மாறிப் போகிற ரிக்கெற். பிள்ளைக்குக் காது வலிக்குமா, நித்திரைக்கு மருந்து கொடுக்கலாமா, பிளேனில் தொட்டில் தருவார்களா, கையில் என்னவெல்லாம் கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாமி ஒன்று சொல்கிறா, அயலில் இன்னொருவர் வேறொன்று சொல்கிறார், தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் பிள்ளைகள் வார்ட்டில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள். மகள் கனடாவில் இருப்பதால் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதே வழியால் போய் வந்தும் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பயப்படுவது பிளேனுக்கு. எனக்குப் பயம் அந்த வான் வண்டிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொக்குவிலிலிருந்து ஏ9 வீதியால் மதவாச்சி, பிறகு அநுராதபுரம், புத்தளம், நீர்கொழும்பு என்று கட்டுநாயக்கா போய்ச் சேர 350 கிலோமீற்றருக்கு மேல். சாப்பாட்டுக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் நிறுத்தினால் எட்டு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று, நான்கு மணித்தியாலம். வளைகுடாவுக்கு ஐந்து. அங்கே மாறுவதற்கு மூன்று, நான்கு. பிறகு ரொறன்ரோவுக்கு ஏறத்தாழப் பதினான்கு. இறங்கின பிறகு குடிவரவு வரிசையும் பெட்டி எடுக்கிறதும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நாள். இதில் பிளேனுக்குள்ளே இருக்கிற நேரம் அரைவாசிதான். முதல் எட்டு மணித்தியாலத்திலேயே தாயும் பிள்ளையும் களைத்துப் போனால் மிச்சம் முழுவதும் அந்தக் களைப்போடுதான் போகும். பிளேனில் பிள்ளை விடாமல் அழுதது என்று சொல்கிறவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், அனேகமாக முதல்நாள் இரவு வானில் ஒருவரும் கண் மூடியிருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் சொல்கிற முதலாவது காரியம்: ஒரு நாள் முந்தி வெளிக்கிடுங்கள். விடியக்காலையில், பிள்ளை குளித்துப் பால் குடித்த கையோடு. முறிகண்டியில் எப்படியும் எல்லாரும் இறங்குவீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற நேரத்தில் நீங்கள் நிழலில் இருந்து பால் கொடுத்து, பாம்பர்ஸ் மாற்றிவிடலாம். பின்னேரம் நீர்கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். பிள்ளை ஒரு இரவு முதுகு நிமிர்த்திப் படுக்கட்டும், நீங்கள் சோறு சாப்பிட்டுக் குளித்து நித்திரை கொள்ளுங்கள். அடுத்தநாள் இரவு கொஞ்ச நேரத்திலேயே விமான நிலையம். அறை வாடகை வீண் செலவு என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்த முழுப் பயணத்திலும் அதைவிடப் பிரயோசனமான செலவு வேறு இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வானில் முன் சீற்றில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம். நடு வரிசையில் நீங்கள் பெல்ற் போட்டு இருங்கள். கார் சீற் ஒன்று எங்கேயாவது எடுக்க முடிந்தால் அதில் பிள்ளையைக் கட்டுவதுதான் பாதுகாப்பு. ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நித்திரை தூங்குகிற சாரதியோடு இரவில் ஏ9இல் போகிற ஆபத்து, வானத்தில் இருக்கிற எந்த ஆபத்தையும் விடப் பெரியது. பகலில் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற பலாலியால் போனால் என்ன என்றும் உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். 2019 ஒக்ரோபரில் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், கொரோனா காலத்தில் நின்று 2022 டிசம்பரில் சென்னைச் சேவை திரும்பவும் தொடங்கியது. சென்னைக்கோ திருச்சிக்கோ பிள்ளையோடு போகிறவர்களுக்கு அதைப்போல வசதி இல்லை. ஏடிஆர் என்கிற காற்றாடி பிளேன், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, தொட்டில் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் கனடாவுக்குத் தனி ரிக்கெற் எடுத்துச் சென்னையில் மாறுவதென்றால் உங்களுக்கும் பிள்ளைக்கும் இந்திய விசா வேண்டும், பெட்டிகளை எடுத்து வெளியில் வந்து திரும்ப உள்ளே போக வேண்டும். கையில் பிள்ளையோடு தனியாகச் செய்கிற வேலை அல்ல அது. கட்டுநாயக்காவில் போட்ட பெட்டி ரொறன்ரோவில்தான் கைக்கு வர வேண்டும். ரிக்கெற் அப்படி ஒரே ரிக்கெற்றாக இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இனிப் பிளேன். ஐந்து மாதப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று மாமி பயப்படுகிறா என்றால் அவவுக்கு இதைச் சொல்லுங்கள். பிளேன் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் 6,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது, பிதுருதலாகல உச்சி 8,000 அடிக்குச் சற்று மேலே. அந்த இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் இருப்பதுதான் பிளேனில் இருப்பதும். நிறைமாதத்தில் பிறந்து, ஒழுங்காக நிறை ஏறி, மூச்சிலும் இருதயத்திலும் பிரச்சினை இல்லாத பிள்ளைக்கு இது தாங்கக்கூடியது. மாதம் குறையப் பிறந்த பிள்ளைகள், பிறந்தவுடன் ஒட்சிசன் வைத்திருந்த பிள்ளைகள், இருதயத்தில் ஓட்டை என்று கிளினிக் போகிற பிள்ளைகள், இவர்களைப் பிள்ளை நல வைத்தியரிடம் காட்டாமல் ஏற்றக்கூடாது. பல விமான நிறுவனங்கள் பிறந்து 7 நாளான பிள்ளையையே ஏற்றிக்கொள்ளும். ஆனாலும் முதல் ஊசி போட்டு இரண்டு, மூன்று மாதம் போகட்டும் என்றுதான் நான் தாய்மாருக்குச் சொல்வது. உங்கள் பிள்ளை அதைத் தாண்டிவிட்டது. உங்கள் உடம்புக்கும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு கிழமை காலில் இரத்தம் கட்டியாகிற ஆபத்துக் கூட, சிசேரியன் என்றால் இன்னும் கூட. ஐந்து மாதம் ஆனபடியால் பயம் குறைவு. என்றாலும் பதினான்கு மணித்தியாலம் ஒரே இருப்பாக இருக்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நடவுங்கள், கணுக்காலை ஆட்டுங்கள். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் வைத்தியரிடம் போங்கள்.

காதைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எங்கள் ஆக்கள் தவறான வைத்தியம் பார்க்கிறார்கள். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிற்கிற ஒரு சின்ன அறை உண்டு. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பிளேன் மேலே ஏறும்போது உள்ளேயிருக்கிற காற்று விரிந்து அந்தக் குழாயால் தானாக வெளியே போய்விடும். ஆகவே ஏறும்போது பெரிய வலி இல்லை. இறங்கும்போது வெளி அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். அதைச் சமப்படுத்தக் காற்று உள்ளே போக வேண்டும், ஆனால் குழாய் தானாகத் திறக்காது. விழுங்கினால்தான் திறக்கும். பச்சைப்பிள்ளைக்கு அந்தக் குழாய் ஒடுக்கம், தடிமன் பிடித்திருந்தால் இன்னும் ஒடுக்கம். இதைக் கண்ணால் பார்க்க விருப்பம் என்றால், மேலே பறக்கும்போது வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இறுக்கி மூடி வைத்துவிட்டு, தரையில் இறங்கின பிறகு எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கிப்போய் இருக்கும்.

இப்போது தெரிந்திருக்கும், காதில் பஞ்சு வைத்தால் ஏன் பிரயோசனம் இல்லையென்று. வலி செவிப்பறைக்கு உள்பக்கத்துக் காற்றினால் வருவது, பஞ்சு இருப்பது வெளியில். எண்ணெய் விடுவதும் அப்படித்தான், அது கூடாது. செய்ய வேண்டியது பால் கொடுப்பது. அதையும் எப்போது கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில்லு நிலத்தில் முட்டுகிற நேரத்துக்குப் பால் கொடுப்போம் என்று பலர் காத்திருப்பார்கள். அழுத்தம் மாறத் தொடங்குவது அதற்கு ஏறத்தாழ அரைமணித்தியாலம் முந்தி, விமானி இறங்கத் தொடங்குகிறோம் என்று அறிவிக்கிற நேரம். அப்போதே மார்பில் போடுங்கள். ஒரேயடியாகக் குடித்து முடிக்க விடாமல், கொஞ்சம் குடிக்க, கொஞ்சம் நிறுத்த, மற்றப் பக்கம் மாற்ற என்று தரை இறங்கும்வரை இழுத்துக்கொண்டு போங்கள். இதற்காகத்தான் அறிவிப்புக்கு முந்தின ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குப் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வது. பசி இருந்தால்தான் குடிப்பான். சூப்பி பழகின பிள்ளை என்றால் சூப்பியும் உதவும். நல்ல நித்திரையில் இருந்தால் நான் எழுப்ப மாட்டேன், முகம் சுளிக்கத் தொடங்கினவுடன் மார்பில் போடுவேன். மூக்கு அடைத்திருந்தால் மட்டும் எழுப்புவது நல்லது, நித்திரையில் விழுங்குவது குறைவு. பால் குடிக்க மாட்டேன் என்று வீரிட்டு அழுதாலும் பதறாதீர்கள், அழும்போது விழுங்குகிறதாலும் காது திறக்கும்.

தடிமன் என்றால் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு இளக்கலாம். காதில் சீழ், காய்ச்சல் என்றால் வைத்தியர் காதைப் பார்க்காமல் ஏற வேண்டாம். திகதி மாற்றுகிற காசு பெரிதல்ல.

நித்திரை மருந்து விஷயத்தில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒவ்வாமைக்குக் கொடுக்கிற பிரிற்றன் சிரப்பை, பெனகன் சிரப்பை "ஒரு அரைக்கரண்டி குடுங்கோ, பிள்ளை அமத்தலாப் படுப்பான்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள். பெனகனை 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சை அடக்கி உயிர் போகிற அளவுக்குப் போகலாம். பிரிற்றன் சில பிள்ளைகளுக்கு நித்திரையைக் கலைத்து அந்தரப்படவும் வைக்கும். அதுவும் காற்றழுத்தம் குறைந்த இடத்தில், வைத்தியசாலை எட்டாத உயரத்தில், அந்த விளையாட்டு வேண்டாம். கையில் வைத்திருக்க வேண்டிய மருந்து பனடோல் சிரப் ஒன்றுதான். பிள்ளையின் நிறைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வைத்தியரிடம் கேட்டுப் போத்தலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் மட்டுமே அது, படுக்க வைக்க அல்ல.

தொட்டில் தருவார்கள், கேட்டால். பெரிய பிளேன்களில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இருக்கிற சுவரில் மாட்டுகிற சின்னத் தொட்டில் அது. எண்ணிக்கை சொற்பம், ஆகவே ரிக்கெற் எடுத்த இடத்தில் இன்றைக்கே சொல்லிப் பதியுங்கள், பிறகு விமான நிறுவனத்துக்கும் நேரே அழைத்து உறுதிப்படுத்துங்கள். ஏறத்தாழ 10 கிலோ வரையான பிள்ளைக்குத்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் நிறை வித்தியாசம். வளைகுடா வரைக்குமான பிளேன் சிறியது என்றால் அதில் தொட்டில் இல்லாமல் இருக்கலாம்; உங்களுக்கு அது கட்டாயம் வேண்டியது பதினான்கு மணித்தியாலப் பயணத்துக்கு. அந்த வரிசையில் இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையை மேலே வைத்துவிடச் சொல்வார்கள். ஆகவே ஒரு பாம்பர்ஸ், வைப்ஸ், ஒரு துவாய் இவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு உங்களோடு வைத்திருங்கள். பெல்ற் விளக்குப் பற்றினால் பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டும். நித்திரையான பிள்ளையைத் தூக்க மனம் வராது, ஆனால் எடுங்கள், குலுக்கத்தில் அந்தத் தொட்டில் காவல் அல்ல. உங்கள் பெல்ற்றில் கொழுவுகிற சின்னப் பெல்ற் ஒன்று தருகிற நிறுவனங்களில் அதைப் பிள்ளைக்குக் கட்டிவிடுவார்கள். உங்கள் பெல்ற் ஒன்றையே இரண்டு பேரையும் சுற்றிப் போட்டுவிடாதீர்கள், குலுக்கத்தில் உங்கள் பாரம் முழுவதும் பிள்ளையின் வயிற்றில் அழுத்தும். ஒட்சிசன் முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு. தாயின் மனம் இதற்கு ஒப்பாது என்று தெரியும். நீங்கள் மயங்கினால் பிள்ளைக்குப் போட அங்கே ஆள் இல்லை.

பால் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தாய்ப்பால் இருக்கிறபடியால் போத்தல் கழுவுவது, சுடுதண்ணீர் தேடுவது ஒன்றும் இல்லை. பிளேன் காற்று நன்றாக வறண்ட காற்று, ஆகவே வழக்கத்தைவிட அடிக்கடி கேட்பான், கொடுங்கள். "தொண்டை காயும், கொஞ்சம் சுடுதண்ணி பருக்குங்கோ" என்பார்கள். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலிலேயே எல்லாம் இருக்கிறது. தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள். சாப்பாட்டு வண்டி வருகிற நேரம் பிள்ளை அழுதால் பிறகு தாருங்கள் என்று பணிப்பெண்ணிடம் சொல்லி வையுங்கள், வைத்திருந்து தருவார்கள். பட்டினியாக இருக்காதீர்கள். சூடான தேநீர்க் கோப்பையைப் பிள்ளைக்கு மேலால் கைமாற்ற விடாதீர்கள். பயணத்துக்குச் சேலை வேண்டாம், முன்னால் பட்டன் வைத்த தளர்வான சட்டையும் ஒரு சால்வையும் போதும்.

இதை வாசிக்கிற பால்மாக் கொடுக்கிற தாய்மாருக்கும் ஒரு சொல். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் பெரும்பாலான விமான நிலையங்களில் பிள்ளைப் பாலுக்கும் ஆறவைத்த தண்ணீருக்கும் விலக்கு உண்டு, பையின் அடியில் ஒளித்து வைக்காமல் முதலிலேயே எடுத்துக் காட்டுங்கள். மாவை ஒருமுறைக்கு ஒரு டப்பா என்று அளந்து கொண்டு போங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரைத்து, பிறகு ஆற வைப்பதுதான் முறை. கரைத்த பாலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

பாம்பர்ஸ், ஒன்றரை நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து அதற்கு மேல் அரைப்பங்கு கூட எடுங்கள். பிளேன் தாமதமானால் விமான நிலையத்துக்குள்ளே உங்கள் அளவு கிடைக்கும் என்று நம்ப முடியாது. எல்லாவற்றையும் ஒரு பையில் குவிக்காதீர்கள். ஒரு பாம்பர்ஸ், நாலைந்து வைப்ஸ், ஒரு மாற்றுச் சட்டை, அழுக்குப் போட ஒரு சொப்பின் பை, இவற்றை ஒன்றாகச் சுருட்டி ரப்பர் போட்டு ஒவ்வொரு சுருளாகச் செய்து வையுங்கள். பிளேன் கழிவறையில் நிற்கிற இடமே ஒரு முழம். அங்கே பெரிய பையைக் கிண்ட ஏலாது, சுருள் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் காரியம் முடிந்தது. எந்தக் கழிவறையில் மாற்றுப் பலகை இருக்கிறது என்று ஏறினவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை கையில் வேண்டும், பிள்ளை கக்குவது தன் உடுப்பில் மட்டும் அல்ல.

நீங்கள் கழிவறை போவது எப்படி என்று கேட்க வெட்கப்பட்டிருப்பீர்கள், தனியாகப் போகிற எல்லாத் தாய்மாருக்கும் அதுதான் பெரிய கவலை. தொட்டிலில் பிள்ளை நித்திரையாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கிற அம்மாவையோ பணிப்பெண்ணையோ பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள். விமான நிலையங்களில் நெஞ்சோடு பிள்ளையைக் கட்டுகிற பை ஒன்று கட்டாயம் வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்கும். தள்ளுவண்டியைப் பிளேன் வாசல் வரை கொண்டுபோகலாம், ஆனால் மாறுகிற இடத்தில் அதைத் திருப்பித் தருவார்களா, ரொறன்ரோவில்தான் வருமா என்று கட்டுநாயக்காவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தராவிட்டால் நீளமான விமான நிலையத்தில் அந்தப் பைதான் துணை. பிள்ளையோடு தனியாக வருகிறேன், மாறுகிற இடத்தில் உதவி வேண்டும் என்றும் ரிக்கெற்றில் பதிவிக்கலாம்.

நகை. 31ஆம் நாள் போட்ட பஞ்சாயுதம், அரைஞாண், கறுப்பு மணி, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி உங்கள் கைப்பையில் வைத்துவிடுங்கள். சோதனையில் மணி அடிப்பது சின்ன விஷயம். மடியிலும் தொட்டிலிலும் மாறி மாறிப் படுக்கிற பிள்ளைக்குக் கழுத்துச் சங்கிலி இறுக்கும், மணி கழன்றால் வாயில் போகும். அம்மம்மாவுக்கு மனம் கேட்காவிட்டால் காலில் கறுப்புப் பொட்டு ஒன்று வைத்துவிடட்டும்.

கடதாசிகள் எல்லாம் கையில்: கடவுச்சீட்டு, விசா, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் ஆங்கில மொழிபெயர்ப்பும், திருமணச் சான்றிதழ், கணவரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும். ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையைக் கூட்டி வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் வைத்திருக்கச் சொல்லிக் கனடா அரசு அறிவுறுத்துகிறது, கணவரிடம் எழுதி வாங்குங்கள். ரிக்கெற்றில் பிள்ளையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று எங்கள் பெயர்களில் குழப்பம் வருவது வழமை. 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மடியில் வைத்துப் போகிற ரிக்கெற், பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. இன்னும் கடவுச்சீட்டு எடுக்காதவர்கள் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை, 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்தாயிற்று.

கிளினிக் கொப்பியைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், அதுவும் கையில். இங்கே பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பிசிஜி, 2ஆம், 4ஆம், 6ஆம் மாத ஊசிகள், 9ஆம் மாதம் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரான எம்எம்ஆர் என்று போகிறது. கனடாவில் அட்டவணை வேறு, இங்கே அரச கிளினிக்கில் இல்லாத சில ஊசிகள் அங்கே உண்டு. 6ஆம் மாத ஊசி உங்களுக்கு அங்கேதான் வரும், வைத்தியர் இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து கணவருக்கும் அனுப்பி வையுங்கள்.

உடுப்பு, தடித்த ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மூன்று. கொக்குவில் வெக்கையில் ஸ்வெற்றர் போட்டு ஏற்றினால் வானிலேயே வேர்த்துத் தடிமன் பிடித்தது போலச் சிணுங்குவான். பருத்திச் சட்டையோடு வெளிக்கிட்டு, பிளேனில் ஒன்று கூட்டி, ரொறன்ரோவில் இறங்க முந்தி தொப்பி, காலுறை, குளிர் அங்கி போடுங்கள். தை மாதத்தில் அங்கே பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை என்பது சாதாரணம். கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: பின்பக்கம் பார்த்திருக்கிற கார் சீற்றைக் காரில் பூட்டிக்கொண்டுதான் விமான நிலையத்துக்கு வர வேண்டும். அங்கே அது சட்டம், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. கார் சீற்றில் கட்டும்போது தடித்த அங்கியைக் கழற்றிவிட்டு வாரை இறுக்கி, அதற்கு மேலால் போர்வையைப் போடச் சொல்லுங்கள். அங்கிக்கு மேலே கட்டினால் வார் இறுகினது போலத் தெரியும், உள்ளே தளர்வாக இருக்கும்.

அழுதால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பசியா, ஈரமா, காதா, நித்திரையா என்று நான்கையும் பாருங்கள், நான்கும் இல்லை என்றால் எழுந்து பின்பக்கம் போய் நின்று மெல்ல ஆட்டுங்கள். பிளேன் எஞ்சினின் இரைச்சலே பல பிள்ளைகளுக்கு ஏணைப்பாட்டுப் போல. அந்த வழியால் போகிற பிளேனில் எங்கள் ஊர் அம்மாமார் இரண்டொருவர் இருப்பார்கள், "இங்க தாங்கோ பிள்ளை, நான் கொஞ்சம் வைச்சிருக்கிறன்" என்று கேட்பார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும்வரை கொடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு பத்தரை மணித்தியால வித்தியாசம். எங்கள் பகல் அங்கே இரவு. முதல் நாட்களில் சாமம் இரண்டு மணிக்கு எழும்பிச் சிரித்து விளையாடுவான். விளக்கைப் போடாமல், அதிகம் கதைக்காமல் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். காலையில் யன்னல் திரையைத் திறந்து வெளிச்சத்தில் வைத்திருங்கள், பகல் நித்திரையை ஒரேயடியாக நீள விட வேண்டாம். இரவில் ஒரு முறை நீங்கள், ஒரு முறை கணவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பது மட்டும்தான் உங்கள் வேலை, தூக்கி வைத்து ஏப்பம் எடுக்க அவருக்கும் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு கிழமையில் வழிக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, நனைகிற பாம்பர்ஸ் குறைவது, காதை இழுத்து இழுத்து அழுவது என்று ஏதாவது கண்டால் நேர மாற்றம் என்று விட்டுவிடாமல் கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் காட்டுங்கள்.